இரு தீவுகளும் ஒரு கேள்வியும்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன், வடக்கனந்தல்)

"சிங்கப்பூரைப் பார்!" என்று சொல்லாத மேடை இன்று தமிழ்நாட்டில் இல்லை. தேநீர்க் கடைப் பெஞ்சிலிருந்து முத்தமிழ் மன்றத்துப் பட்டிமன்றம் வரை அப்பேச்சு ஒலிக்கிறது. அது முடிந்த கையோடு, "இலங்கையைப் பார்! அந்த நிலை நமக்கு வரக்கூடாது" என்பதும் வந்துவிடும். ஒரு தீவு உயர்ந்ததும் மற்றொன்று தாழ்ந்ததும் எதனால் என்று கேட்டால், "அங்கே லீ குவான் யூ என்று ஒருவர் இருந்தார், கண்டிப்பான கை; இங்கே அப்படி ஒருவர் இல்லை" என்று ஒரே வரியில் விடை கிடைக்கும். நம் நாட்டுக்கும் கொஞ்ச காலம் அப்படி ஒரு கை வேண்டும் என்பது அடுத்த வரி. நண்பர்கள் இதைச் சொல்லும்போது அரங்கில் கைதட்டலும் எழுகிறது. அந்த விடை சரியானதுதானா?

இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு காரணத்தைக் கண்டறிய வேண்டுமானால், மற்றவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். வரலாறு அத்தகைய வசதியை நமக்குத் தருவதில்லை. எனினும் இவ்விரு தீவுகளும் ஓரளவுக்கு அந்தச் சோதனைக்கு இடம் தருகின்றன. இரண்டும் ஆங்கிலேயர் ஆண்டவை. இரண்டும் கப்பல் வழியில் அமைந்தவை. கொழும்பும் சிங்கப்பூரும் ஒரே கடற்பாதையின் இரு துறைமுகங்கள். இரண்டிலும் தமிழர் சிறுபான்மையினர். சிங்கப்பூரில் சீனர் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர். இலங்கையில் சிங்களவர் சுதந்திரம் பெற்றபோது நூற்றுக்கு எழுபதுக்கு அருகில், இன்று எழுபத்தைந்துக்கு அருகில். பரப்பில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இலங்கை 65,610 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரோ கடலைத் தூர்த்துச் சேர்த்த நிலத்தோடும் 750-க்கு உட்பட்டது.

முதலில் ஒரு கட்டுக்கதையை ஒதுக்கிவிட வேண்டும். "சுதந்திரம் பெற்ற காலத்தில் சிங்கப்பூர் மீன்பிடிக் கிராமம், இலங்கை செல்வ நாடு" என்று பேச்சாளர்கள் கூறுவதுண்டு. உலக வங்கியின் கணக்குப்படி 1960-ல் சிங்கப்பூரில் ஒருவருக்குச் சராசரி ஆண்டு வருமானம் 428 டாலர். இலங்கையில் 140 டாலர் அளவே. அதாவது தொடக்கத்திலேயே மூன்று மடங்கு வேறுபாடு இருந்தது. சிங்கப்பூர் அப்போதே பெரிய துறைமுக நகரம். ஆனால் 2023-ல் அது 80,000 டாலரைத் தாண்டிவிட, இலங்கை 4,000-ஐ எட்டவில்லை. மூன்று மடங்கு இருபது மடங்கானது எப்படி என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இலங்கை வெறுங்கையோடு தொடங்கவில்லை. 1931-லேயே ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஆசியாவில் அதுவே முதல். நம் நாட்டில் அனைவரும் வாக்களிக்க அதன்பின் இருபது ஆண்டு காத்திருந்தோம். 1945-ல் கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி வந்தது. கிராமம்தோறும் மருத்துவமனை, பங்கீட்டு அரிசி, மலேரியா ஒழிப்பு என்று ஏழை நாடு ஒன்று செய்யக்கூடியவற்றையெல்லாம் அது செய்தது. இங்கே என் சொந்தப் பக்கச்சார்பையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தோடு "முதல் பட்டதாரி"ச் சான்றிதழை இணைத்துக் கல்லூரியில் சேர்ந்தவன் நான். என் தந்தை ஐந்தாம் வகுப்பு. தாய் பள்ளிக்கே போகாதவர். கட்டணமில்லாக் கல்வியை ஒரு நாடு 1945-லேயே கொண்டுவந்தது என்று படிக்கும்போது, அந்நாட்டை ஏளனமாகப் பேச எனக்கு நா எழவில்லை.

அந்த முதலீடு வீண்போகவும் இல்லை. இருபத்தாறு ஆண்டு உள்நாட்டுப் போர், சுனாமி, 2022-ன் திவால் இவ்வளவுக்குப் பிறகும் இலங்கையரின் சராசரி ஆயுள் 76, 77 என்ற அளவில் நிற்கிறது. சிங்கப்பூரில் அது 83. வருமானத்தில் இருபது மடங்கு வேறுபாடு, ஆயுளில் ஆறேழு ஆண்டு வேறுபாடு! 2020-ல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஓராண்டுக்குள் இறந்தவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இலங்கையில் ஏறக்குறைய 6. ஐக்கிய நாடுகள் சபையின் மனிதவள மேம்பாட்டுப் பட்டியலில் 2022-ஆம் ஆண்டுக்கு இலங்கை 78-ஆம் இடம், நாம் 134-ஆம் இடம். இலங்கையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்பவர்கள் இந்த எண்களையும் பார்ப்பது நல்லது.

அப்படியானால் அந்தத் தீவு எங்கே தடுக்கி விழுந்தது? நாடு பிறந்த விதத்தைப் பார்த்தால் தெரியும்.

இலங்கைக்கு விடுதலை எளிதாகக் கிடைத்தது. 1948 பிப்ரவரி 4-ல் டி.எஸ். சேனநாயக்கா பிரதமராக, போராட்டமோ குருதியோ இன்றி ஆட்சி கைமாறியது. அதே ஆண்டு நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோனது. இவர்கள் யார்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் போன்ற நம் மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கப்பலேறியவர்களின் பேரர்கள். 1947 தேர்தலில் இவர்களுடைய இயக்கமான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றிருந்தது. அந்த ஏழு இடங்கள்தாம் கண்ணை உறுத்தின என்பது என் கருத்து. ஏற்றுமதிப் பணத்தில் பெரும்பங்கை எந்தக் கைகள் பறித்துத் தந்தனவோ, அந்தக் கைகளையே நாடு தன் கணக்கிலிருந்து அடித்துவிட்டது.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம்! சந்தையில் மூட்டை பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். அம்மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் முற்றிலும் தீர 2003 வரை ஆயிற்று. ஒரு மனிதன் பிறந்து, வளர்ந்து, கொழுந்து பறித்து, முதுமையடைந்து இறக்கும் காலம் அது.

தொடக்கத்தில் மலையகத் தமிழரோடு நின்ற கத்தரிக்கோல், பிறகு நிற்கவில்லை. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம். 1957-ல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக நுழைவில் "தரப்படுத்தல்". அதாவது தமிழ் மாணவன் கூடுதல் மதிப்பெண் எடுத்தால்தான் இடம். மருத்துவம், பொறியியல் என்று கனவு கண்ட இருபது வயது இளைஞன் ஒருவனுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை நம்மைப் போன்ற மாணவர்கள் எளிதில் உணரலாம். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்தன. 1983 ஜூலைக்குப் பின் நடந்தவை நாம் அறிந்தவை. நம் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் அதற்குச் சான்றாக நிற்கின்றன. அவற்றின் பெயர் 2021-ல் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றப்பட்டது. அவற்றில் வாழ்வோர் பலருக்கு இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை.

சிங்கப்பூர் பிறந்த கதையோ வேறு. அது விடுதலை கேட்டுப் பெற்ற நாடு அன்று. வெளியே தள்ளப்பட்ட நாடு. 1959-ல் தன்னாட்சி, 1963-ல் மலேசியாவோடு இணைப்பு. 1964-ல் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் மூண்ட கலவரங்களில் 36 பேர் மாண்டனர். 1965 ஆகஸ்ட் 9-ல் மலேசியா அதைப் பிரித்து அனுப்பியது. குடிநீருக்கே ஜோகூரை நம்பியிருந்த தீவு அது. அன்றைய தினம் லீ குவான் யூ தொலைக்காட்சியில் கண்கலங்கியதை உலகம் பார்த்தது. (தமிழ்நாட்டு அரசு, என் போன்ற அரசுப் பள்ளி மாணவர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024-ல் தொடங்கியதும் ஓர் ஆகஸ்ட் 9-ல்தான். தொடர்பு ஒன்றும் இல்லை. தேதி நினைவில் நின்றுவிட்டது.)

அந்த நேரத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேராக இருந்த சீனரின் தலைவர்கள், "சீனம் மட்டுமே" என்று ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தால் யார் தடுத்திருக்க முடியும்? வாக்குப் பெட்டி அவர்கள் பக்கம். ஆனால் மலாய் தேசிய மொழி. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சி மொழிகள் என்றார்கள். நூற்றுக்கு ஐந்து பேர்கூட முழுமையாகப் பேசாத தமிழுக்குப் பாராளுமன்றத்தில் இடம், நாணயத்தாளில் இடம். அதற்கு முன்பே, லீ ஆட்சிக்கு வருமுன் 1957-ல், சீனாவில் பிறந்து அங்கேயே நெடுங்காலம் வாழ்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிமக்களாக வழி செய்தாயிற்று. வந்தேறிகள் என்று இலங்கை கழித்த ஆண்டுகளில், வந்தேறிகளைச் சிங்கப்பூர் கூட்டிக்கொண்டது. 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் இன்று நூற்றுக்கு எண்பது பேர் அளவில் வாழ்கிறார்கள். ஒரே இனத்தவர் ஒரே கட்டடத்தில் குவியக்கூடாதென 1989 முதல் விகிதமும் வைத்திருக்கிறார்கள்.

இப்போது "கண்டிப்பான கை" என்ற வாதத்துக்கு வருவோம். அந்த வாதம் உண்மையானால் இலங்கை 1977-லிருந்து பறந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுத் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்த்தனா 168 இடங்களில் 140-ஐப் பிடித்தார். ஆறில் ஐந்து பங்கு! 1978-ல் தமக்கேற்ற அரசியல் சட்டம் இயற்றி, நிறைவேற்று அதிகாரம் கொண்ட குடியரசுத் தலைவரானார். பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார், கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைத்தார், சிங்கப்பூரே முன்மாதிரி என்று வெளிப்படையாகவே பேசப்பட்டது. 1982-ல் பொதுத்தேர்தலையே நடத்தாமல், மக்கள் தீர்ப்பு வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டிக்கொண்டார். கண்டிப்பான கை வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட என்ன கை வேண்டும்? திறந்த சந்தையும் இருந்தது, பிரம்பும் இருந்தது. ஆனால் அதே கை ஆண்ட 1983-ல் கொழும்பு நகரத்தில் தமிழர் கடைகளும் தொழிற்கூடங்களும் எரிந்தன. முதலீடு வருமா, ஓடுமா? கத்தரிக்கோல் வேலை செய்த வீட்டில் பிரம்பால் என்ன பயன்?

இரு தீவுகளின் வேறுபாட்டுக்கு மூன்று மனிதர்களே சாட்சி. யாழ்ப்பாணத்தில் 1915-ல் பிறந்த சி. இராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார். இன்றும் அந்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966-ல் வரைந்தவர் அவரே. யாழ்ப்பாண வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம் 2023-ல் அந்நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே மண்ணின் பிள்ளைகள். ஒரு தீவில் உறுதிமொழி எழுதினார்கள், மறு தீவில் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தப்பட்டார்கள்.

மூன்றாமவரை நம் மேடைகள் மறந்துவிடுகின்றன. அவர் பெயர் ஜெயரத்தினம். அவரும் 1926-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரே. 1968 முதல் சிங்கப்பூர்ப் பாராளுமன்றத்தில் எல்லா இடங்களிலும் ஆளுங்கட்சியே அமர்ந்திருந்தது. 1981-ல் இடைத்தேர்தல் ஒன்றில் வென்று முதல் எதிர்க்கட்சிக் குரலாக உள்ளே நுழைந்தவர் இவர். அவதூறு வழக்குகளின் இழப்பீட்டுத் தொகை ஏறி ஏறி, 2001-ல் திவாலானவராக அறிவிக்கப்பட்டுப் பதவியிழந்தார். சியா தை போ என்ற மற்றோர் எதிர்க்கட்சி உறுப்பினர், 1966-ல் பிடிக்கப்பட்டு விசாரணையே இன்றி 23 ஆண்டு சிறையிலிருந்தார். அந்த நாட்டின் உயர்வுக்கு இவர்களின் சிறையும் திவாலும் எவ்வகையில் உதவின என்று எனக்கு யாரேனும் விளக்க வேண்டும். வீடு கட்டியதும், நான்கு மொழிக்கு இடம் தந்ததும், துறைமுகத்தைச் செம்மையாக நடத்தியதும் உதவின. அவை கண்ணுக்குத் தெரிகின்றன. மொழிக்கு இடம் தந்ததிலும் ஒரு குறை உண்டு. எல்லாரும் ஆங்கிலவழிக்கே போனதால் தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியாக நின்ற உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982-ல் மூடப்பட்டது. நாணயத்தாளில் இருக்கும் தமிழ், வீட்டில் குறைந்துகொண்டு வருகிறது.

சிங்கப்பூரும் எல்லாரையும் எண்ணிக்கொள்வதில்லை. இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. என் தாய்மாமன் சொல்லி அறிந்தேன். நிலத்தை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டிப் போய், அங்கே கட்டுமான வேலையில் பதினோரு ஆண்டு இருந்தவர். "ரோட்டுல ஒரு குப்பை கிடக்காதுடா. ஆஸ்பத்திரி, பஸ்ஸு எல்லாம் அவ்வளவு சுத்தம். ஆனா நாம அங்க மனுசன் கணக்குல இல்ல, ஆள் கணக்குலதான்" என்பார். வேலை அனுமதிச் சீட்டில் போனவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்தச் சீட்டைக் கொண்டு குடியுரிமை கேட்க முடியாது. அந்நாட்டவரை மணக்க வேண்டுமானால் அரசின் அனுமதி பெற வேண்டும். 2020-ல் கொரோனா பரவியபோது, அவ்வாண்டு முடிய அந்நாட்டில் பதிவான ஏறக்குறைய 58,000 தொற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் தொழிலாளர் விடுதிகளில். ஓர் அறையில் பத்து, பன்னிரண்டு பேர் படுத்தால் வேறென்ன ஆகும்? அரசு நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையில் விடுதித் தொற்று தனி வரி, "சமூக"த் தொற்று தனி வரி. எங்கள் மாமா அந்த இரண்டாவது வரியில் இல்லை. இலங்கை மலையகத்து லயன் வீடுகளும் சிங்கப்பூர் விடுதிகளும் என் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. ஒன்றில் தேயிலை, மற்றொன்றில் சிமெண்ட்.

ஆகவே ஒரு நாட்டின் வாழ்க்கைத் தரத்தை அளக்க, வருமானப் புள்ளிவிவரத்துக்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்கிறேன்: அது பிறந்தபோது யாரைத் தன் மக்கள் என்று எண்ணியது, யாரை விட்டது? விட்டுப்போனவர்கள் இருக்கும் இடத்தில்தான் பின்னாளில் தீப்பிடிக்கிறது, அல்லது நோய் பிடிக்கிறது.

இந்தக் கேள்வியைக் கடல் கடந்து மட்டும் கேட்பது நியாயமாகாது. கோமுகி அணைக்கரையில் நின்றால் எதிரே எழும் கல்வராயன் மலைக்கு நாடு எப்போது விடுதலை பெற்றது? 1947 என்று நாம் தேர்வில் எழுதுவோம். அம்மலையோ சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் 1976 வரை இருந்தது. குடியரசுக்கு இருபத்தாறு வயதாகும்வரை, அங்கே வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் வரி கட்டியது ஜாகீர்தாருக்கு. உழுத நிலத்துக்கு அரசின் பட்டா இல்லை. இந்தியா செயற்கைக்கோள் செய்யத் தொடங்கிய காலத்தில்தான் அவர்கள் இந்திய அரசின் நேர்க் குடிகளானார்கள். வடக்கனந்தலுக்கும் வெள்ளிமலைக்கும் இடையே உள்ள தொலைவைப் பேருந்துக் கட்டணத்தால் அளந்தால் சிறிது. பிரசவ வலியில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்குவோர்க்கு அது எவ்வளவு பெரிது என்று அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, எல்லா ஏடுகளும் மலையில் காய்ச்சும் சாராயத்தைப் பற்றி எழுதின. மலையில் சாலை எப்படி, பள்ளி எப்படி என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது அதன் பிறகே. செத்தவர்கள் ஊரில், விசாரணை மலையைப் பற்றி. இவ்வளவு நாள் அம்மலை நம் கண்ணெதிரேதான் இருந்தது.

பொருளியல் துறை மாணவர்கள் ஆண்டுதோறும் ஊர்க் கணக்கெடுப்பு ஒன்று செய்கிறார்கள். இதுவரை அது அடிவாரத்தோடு நின்றுவிட்டது. வரும் ஆண்டு மேலே ஏறலாம் என்றும், இயற்பியல் துறையிலிருந்தும் நான்கைந்து பேர் உடன் வர அணியமாயிருக்கிறோம் என்றும் துறைத்தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் மலையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் இருவர். ஒருவர் சாதிச் சான்றிதழுக்கு அலைந்து உதவித்தொகை பெறாமலே முதல் பருவத்தோடு நின்று, இப்போது கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறார். மற்றவர் என் பக்கத்து இருக்கையில் இருக்கிறார். கணக்கெடுப்புக்கு எந்த வழியாக ஏற வேண்டும் என்று வரைபடம் போட்டுத் தந்தவர் அவர்தாம்.